காசு கொடுத்துச் சாப்பிடும் ஆபீஸர்

ஓய்வு பெற்றதும் ஸ்ரீரங்கத்தில் குடியேறினேன். பக்திதான் காரணம் என்று உறவினர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் மறுப்பதில்லை. உண்மையில் இங்கே எதற்கும் பஸ் ஏற வேண்டாம், அவ்வளவுதான். உத்தர வீதியில் வீடு, சித்திரை வீதியில் மருந்துக் கடை, அடையவளஞ்சான் வீதியில் காய்கறி. கோயிலைச் சுற்றி வீதிகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பதால் எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடைசியில் வீட்டுக்கே வந்து சேர்ந்துவிடலாம். எலும்பு டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி அன்றே ஓர் அறிவிப்பு வெளியிட்டாள்.

"நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க. சாயந்திரச் சமையல்லேருந்து நானும் ரிட்டயர் ஆயிட்டேன். டாக்டர் நடக்கத்தான சொன்னாரு? நடந்து போய் எங்கயாவது சாப்பிட்டுட்டு வருவோம்."

நடப்பதில் எனக்குச் சிரமமில்லை. சாப்பிடுவதில்தான். உணவுப் பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்தவன் நான். பணிக்காலம் முழுவதும் அடுத்தவர் அடுப்படியில் கழிந்தது. சாம்பிள் எடுப்பது, அதை நாலு பாகமாகப் பிரித்துச் சீல் வைப்பது, நோட்டீஸ் கொடுப்பது, கடையை மூடுவது, மூடிய கடையைத் திறக்க வைப்பது எல்லாவற்றுக்கும் உரிய விதிகள் இன்றைக்கும் தலைகீழாகத் தெரியும். திருச்சி மாவட்டத்தில் மட்டும் நான் பணியாற்றியதில்லை. அதனால் இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது, மற்றவர்களைப் போல ஓர் ஓரமாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நம்பினேன்.

முதலில் ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கடை. பித்தளை டவராவும் டம்ளரும் கண்ணைப் பறித்தன. பாத்திரம் அந்த அளவு பளபளத்தால் எனக்கு உறுத்தும். வெளிப்புறத்தை இத்தனை மெனக்கெட்டுத் தேய்க்கிறவருக்கு உட்புறத்தைத் தேய்க்க நேரம் எங்கே இருக்கும்? டம்ளரின் விளிம்புக்கு உள்ளே விரலால் தடவிப் பார்த்தேன். "காபி ஆறுதுங்க," என்றாள் மனைவி. தெற்கு வாசல் பக்கம் 'வீட்டுச் சாப்பாடு' என்று ஒரு பலகை. யார் வீடு என்று கேட்டேன். பரிமாறியவர் சிரித்துவிட்டு, ரசம் வேண்டுமா என்று கேட்டார். வெளிமாநில யாத்திரிகர்களுக்காகத் தெலுங்கில் பலகை வைத்திருந்த இன்னொரு ஹோட்டலில் காரச் சட்னியின் சிவப்பு மிளகாயின் சிவப்பாகப் படவில்லை. வெள்ளைக் கைக்குட்டையில் துளி தேய்த்துக்கொண்டேன். எத்தனை துவைத்தும் அந்தச் சிவப்பு போகவில்லை. என் சந்தேகம் சரிதான் என்று மனைவி ஒப்புக்கொண்டாள். ஆனாலும் கைக்குட்டைக்காகத் திட்டியது திட்டியதுதான்.

ஏகாதசியன்று இந்த ஊரில் பாதிப் பேர் அரிசியைத் தொடமாட்டார்கள். கடைகளில் கோதுமை ரவை உப்புமாவும் சப்பாத்தியும்தான் ஓடும். அன்றைக்கு யாரும் சீண்டாத இட்லி மாவு என்ன ஆகிறது? துவாதசி காலையில் இட்லியை விண்டு மூக்கருகே கொண்டுபோனால் போதும். பல கடைகளில் அப்படிக் கொண்டுபோய்விட்டு இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்திருக்கிறேன்.

இப்படித் தேடி அலைந்தபோதுதான் அந்த மெஸ் வந்து சேர்ந்தது. அடையவளஞ்சான் வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒரு வீட்டின் முன்னறை. சில மேஜைகள்தான். கணவர் பரிமாறுவார், மனைவி சமைப்பார். ஐம்பதை ஒட்டிய வயது இருவருக்கும். வேறு ஆள் கிடையாது, வேறு பிழைப்பும் கிடையாது. ஒரு வரி கூட எழுதாமல், ஓய்வு பெற்ற பிறகு, நான் மூட வைக்க இருந்த கடை இதுதான்.

முதலில் அங்கே போனவள் என் மனைவி. பக்கத்து வீட்டு அம்மாளோடு கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் நுழைந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"வாழைப்பூ வடை போடறாங்க. வெளில மொறுமொறுன்னு, உள்ள மெத்துனு. பூவுல ஒரு நரம்பு தட்டுப்படலை. எவ்வளவு நேரம் உட்கார்ந்து உருவினாங்களோ, பாவம். நீங்க கூட குத்தம் சொல்ல முடியாது."

கடைசி வாக்கியம் எனக்குச் சவாலாகப் பட்டது. அடுத்த நாள் இருவரும் போனோம்.

"வடை இன்னிக்குப் போடலைங்க சார்," என்றார் கடைக்காரர்.

இட்லி சாப்பிட்டோம். இட்லியில் குறை இல்லை. சாம்பார் சூடாக இருந்தது. மேஜை அப்போதுதான் துடைத்த ஈரத்தோடு இருந்தது. அடுத்த முறை போனோம். வடை இல்லை. அதற்கடுத்த முறையும் இல்லை. இடையில் மனைவி பக்கத்து வீட்டு அம்மாளோடு தனியாகப் போனாள். வடை இருந்ததாம். "உங்க ராசி," என்றாள்.

ராசியை நம்புகிற துறையிலிருந்து நான் வரவில்லை. முதலில் மனைவியின் வாக்குமூலத்தைச் சந்தேகித்தேன். பக்கத்து வீட்டு அம்மாளிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன். அவரும் வடை சாப்பிட்டதாகவே சொன்னார், விவரங்கள் முரண்படவில்லை. அப்படியானால் ஒரே முடிவுதான். நான் இருக்கும்போது மட்டும் ஒரு கடை எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றுவதில்லை என்றால், அந்தச் சட்டியில் நான் பார்க்கக் கூடாத ஏதோ இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கடைக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் காலி நாற்காலியைத் தேடுவார்கள். என் கண் சுவருக்குப் போகும், உரிமம் மாட்டியிருக்கிறதா என்று. அங்கே மாட்டியிருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு, ரங்கநாதர் படத்துக்குப் பக்கத்தில். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பூச்சரம். பிறகு என் கண் பரிமாறுகிறவரின் நகத்துக்குப் போகும், அங்கிருந்து கை கழுவும் தொட்டியின் கீழே, தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க. அதன் பிறகுதான் உட்காருவேன். இதையெல்லாம் நான் யாருக்கும் தெரியாமல் செய்வதாகத்தான் எண்ணியிருந்தேன்.

மெஸ்ஸுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. வாசலில் பெஞ்சு உண்டு. கையில் ஓய்வூதியக் காகிதங்களை வைத்துக்கொண்டு மத்தியானங்களில் அங்கே போய் உட்கார ஆரம்பித்தேன். ஒவ்வொரு காகிதமாகக் கொடுத்து நகல் எடுத்தேன். "வாழ்நாள் சான்றிதழுக்கு இத்தனை நகல் யாரு சார் கேக்கறாங்க?" என்று ஜெராக்ஸ் கடைக்காரருக்கே சந்தேகம் வந்துவிட்டது. உயிரோடு இருப்பதை அரசாங்கம் லேசில் நம்பாது என்றேன்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், மெஸ்காரர் பக்கவாட்டுக் கதவு வழியாக ஒரு தகர டின்னைத் தூக்கி வந்து மொபெட்டின் முன்பக்கம் வைத்தார். மூடியின் ஓரத்தில் எண்ணெய் கசிந்திருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். என்னையும் பார்த்தார். பார்த்ததும் டின் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினார். எனக்கு வேறென்ன வேண்டும்? பொரித்த எண்ணெய் வெளியே போகிறது. அதை வாங்கி பஜ்ஜி போடுகிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. அம்மா மண்டபம் சாலையில் ஒரு தள்ளுவண்டியில் பஜ்ஜி வாங்கிப் பிட்டுப் பார்த்தேன், எண்ணெயில் பழைய வாடை அடித்தது. இரண்டையும் இணைக்க என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் பதவியில் இருந்த காலத்தில் இதைவிடக் குறைவானதை வைத்துக்கொண்டு சோதனை தொடங்கியதுண்டு.

மறுநாள் சாயந்திரம் தனியாகப் போனேன். கூட்டம் இன்னும் வரவில்லை. ஓரத்து மேஜையில் உட்கார்ந்து, தண்ணீர் வைக்க வந்தவரிடம் கேட்டேன்.

"நேத்து ஒரு டின் எண்ணெய் போச்சே. எங்க போச்சு?"

அவர் கையிலிருந்த டம்ளரை மேஜையில் வைத்தார். பிறகு எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தக் கடையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"எழுதிடுங்க சார்."

"என்னத்தை?"

"என்ன எழுதணுமோ அதை. எழுதிட்டுப் போயிடுங்க. இப்படித் தினம் தினம் வந்து பார்த்துட்டுப் போறீங்களே, அதுதான் தாங்கலை."

குரல் கேட்டு உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து கதவோரம் நின்றார். கணவர் நிறுத்தவில்லை. முன்பு எடமலைப்பட்டி புதூரில் கடை வைத்திருந்தார்களாம். அங்கேயும் ஒருவர் வந்தாராம். அதட்டவில்லை, எதுவும் கேட்கவில்லை, இலவசமாகச் சாப்பிடவில்லை. காசு கொடுத்துச் சாப்பிட்டுவிட்டு, சுவரையும் கையையும் தொட்டியையும் பார்த்துவிட்டுப் போவாராம். ஒரு நாள் பையைத் திறந்து காகிதத்தை எடுத்தார். கடை போயிற்று.

"சும்மா சாப்பிடற ஆபீஸர்னா பயமில்லைங்க சார். சாப்பாட்டோட போயிடும். காசு குடுத்துச் சாப்பிடறாரு பாருங்க, அந்த ஆபீஸர்தான் ஆபத்து. நீங்க மொத நாள் உள்ள வந்து சுவத்தைப் பார்த்தப்பவே இவ சொல்லிட்டா."

"உங்க தலை தெரிஞ்சா எண்ணெய் அடுப்பை அணைச்சுருவேன்," என்றார் அந்த அம்மாள், எங்கோ பார்த்துக்கொண்டு. "ஒரு தடவை பொரிச்ச எண்ணெயைத் திரும்ப அடுப்புல வெச்சதே இல்ல. எல்லாத்தையும் டின்னுல ஊத்திடறோம். அரியமங்கலத்துல சோப்பு காய்ச்சறவர் ஒருத்தர் எடுத்துக்கறாரு. நம்பலைன்னா போய்க் கேட்டுக்குங்க."

"கட்டுப்படியாகுதா?" என்று கேட்டேன்.

"ஆகலை," என்றார் கணவர். "அதான் இந்த மாசத்தோட காலி பண்றோம்னு வீட்டு ஓனர்கிட்ட சொல்லியாச்சு. அங்க அவங்க மூடினாங்க. இங்க நாங்களே மூடிக்கறோம். பேராவது மிஞ்சும்."

நான் ஓய்வு பெற்றுவிட்டதைச் சொன்னேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். மாவில் கலப்படம் இல்லை என்று எத்தனையோ கடைக்காரர்கள் சொன்னபோது என் உதவியாளரை நான் பார்த்த பார்வை அது. பணப்பையிலிருந்து ஓய்வூதியர் அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். கணவர் அதை வாங்கிப் பதவியின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார். அட்டையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

"நாம நினைச்சது சரிதான்," என்று மனைவியிடம் சொன்னார்.

என் தப்பு எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஒருவர் அதிகாரி என்பதை நிரூபிக்க அடையாள அட்டை, ஆணை, முத்திரை என்று எத்தனையோ இருக்கின்றன. அதிகாரி இல்லை என்பதை நிரூபிக்க ஒரு நடைமுறையும் இல்லை. எனக்குத் தெரியாத நடைமுறை இருக்காது. அப்படி ஒன்று கிடையாது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஒரு வடைக்காக ரெண்டு பேரோட பிழைப்பைக் கெடுத்திருக்கீங்க."

"நான் ஒண்ணுமே செய்யலை. பார்த்தேன், அவ்வளவுதான்."

"அதைத்தான் சொல்றேன். நீங்க எங்க சாப்பிட்டீங்க? பார்க்கத்தான செஞ்சீங்க. நாளைக்கு ரெண்டு பேரும் போறோம். நீங்க வாயைத் திறக்கக் கூடாது. கண்ணையும் ரொம்பத் திறக்க வேணாம்."

மறுநாள் கூட்ட நேரத்துக்கு முன்பே போய்விட்டோம். என் கண் பழக்கத்தில் சுவருக்குக் கிளம்பியது. மனைவி இடித்தாள். நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்தேன். அந்த அம்மாள் ஈரக் கையோடு சமையலறை வாசலில் நின்றார்.

"இவரு நெஜமாவே ரிட்டயர் ஆயிட்டாரும்மா. நான் சொல்றேன்," என்றாள் என் மனைவி.

"நீங்க அவரு வீட்டுக்காரங்க அக்கா. வேற எப்படிச் சொல்வீங்க?"

எனக்கு அந்த அம்மாள் மேல் முதன்முதலாக மரியாதை வந்தது. நெருங்கிய உறவினரின் சாட்சியத்தை நானும் ஏற்கமாட்டேன்.

"அட, கேளும்மா. இது இவரோட வியாதி. கல்யாணமான புதுசுல என் அஞ்சறைப் பெட்டியிலேருந்து மஞ்சப்பொடியை எடுத்து டம்ளர் தண்ணியில போட்டு, ஜன்னல்ல வெச்சுட்டு, பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாரு. கலப்படமான்னு பார்த்தாராம். எங்கம்மா வீட்டுல அரைச்சுக் குடுத்த பொடி அது!"

"அய்யோ. அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஒரு வாரத்துக்கு மஞ்சளே போடலை. குழம்பு, கூட்டு எல்லாம் வெள்ளையா வெச்சேன். சோதனைக்கு ஒண்ணும் இல்ல, சாப்பிடுங்கன்னுட்டேன்."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். கணவர் சிரிக்கவில்லை. சிரித்து முடித்ததும் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மாள் என் மேஜைக்கு வந்தார்.

"சரிங்க சார். ஆபீஸரா இருக்கீங்களோ, இருந்தீங்களோ. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எண்ணெயை எப்ப மாத்தணும்?"

அத்தனை வருஷத்தில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. 'பார்த்துச் செய்யுங்க சார்' என்பார்கள், 'இந்த ஒரு தடவை விட்டுடுங்க' என்பார்கள். எங்கே தப்பு ஆரம்பிக்கிறது என்று கேட்கமாட்டார்கள். நாங்களும் சொன்னதில்லை. எல்லையைச் சொல்லிவிட்டால் எல்லாரும் எல்லையிலேயே போய் நிற்பார்கள் என்று என் மேலதிகாரி ஒருவர் சொல்வார். அது எனக்கு அப்போது அறிவாகத் தெரிந்தது.

அந்த அம்மாள் என்னை உள்ளே கூட்டிப்போய்ச் சட்டியைக் காட்டினார். முந்தைய நாள் பொரித்த எண்ணெய் டின்னில் ஊற்றக் காத்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அடி வரை தெரிந்தது. இது நல்ல எண்ணெய், வடிகட்டி மூடி வைத்துத் தாளிக்க எடுத்துக்கொள்ளலாம் என்றேன். புது எண்ணெயோடு கலக்க வேண்டாம். கறுத்துப்போனால், பொரிக்கும்போது நுரை அடங்காமல் நின்றால், நன்றாகக் காய்வதற்கு முன்பே புகைந்தால், கொட்டிவிட வேண்டும். இதைச் சொல்ல எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

அந்த அம்மாள் டின்னைப் பார்த்தார்.

"அப்ப நாங்க ஊத்தினது அத்தனையும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு கணவரிடம் திரும்பி, "கேட்டீங்களா? சோப்புக்காரருக்கு யோகம்," என்றார்.

கணவர் இன்னும் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "இப்பச் சொன்னதை எழுதிக் குடுப்பீங்களா சார்? நாளைக்கு வேற யாராவது வந்து கேட்டா காட்டணும்."

"எழுதிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை," என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கண்கள் சுருங்கின. ஒரு பொருளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது என் கண்ணும் அப்படித்தான் சுருங்கும்.

"கடைக்குள்ள நின்னுக்கிட்டு அதிகாரம் இல்லைன்னு ஒரு ஆபீஸர் சொல்லி நான் கேட்டதில்ல," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வழிவிட்டார். நம்பிவிட்டதாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மாதக் கடைசி வந்தது. கடை அங்கேயே இருந்தது. காலி செய்யப்போவதில்லை என்று வீட்டு உரிமையாளரிடம் சொல்லிவிட்டதாகப் பக்கத்து வீட்டு அம்மாள் செய்தி கொண்டுவந்தார். அன்று சாயந்திரமே போனோம். கூட்டம் இருந்தது. உள்ளே எண்ணெய் காயும் வாசனை வந்தது. நான் உட்கார்ந்த பிறகும் அடுப்பு அணையவில்லை.

இரண்டு தட்டில் வாழைப்பூ வடை வந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்தபடியே பார்த்தேன். என் தட்டில் இருந்தவை பொன்னிறம். மனைவியின் தட்டில் இருந்தவை ஒரு சாயல் கூடுதலாகச் சிவந்திருந்தன. எனக்கு மட்டும் புது எண்ணெயில் தனியாகப் போட்டிருக்கிறார்கள். அல்லது முதல் ஈடு எனக்கு, அடுத்த ஈடு அவளுக்கு, அவ்வளவுதானோ என்னவோ. கண்டுபிடிக்க வழியில்லை. தட்டை மாற்றிக்கொண்டேன்.

"என்ன, என்னுதுல சாம்பிள் எடுக்கறீங்களா?" என்றாள் மனைவி.

வடையைக் கடித்தேன். மொறுமொறுவென்று உடைந்தது. உள்ளே சூடு இருந்தது. அவள் சொன்னபடி நரம்பு எதுவும் தட்டுப்படவில்லை. இரண்டையும் தின்று முடித்துவிட்டு நிமிர்ந்தால், கடைக்காரர் பக்கத்தில் நிற்கிறார். தட்டு இடம் மாறியதைப் பார்த்திருக்கிறார்.

"என்னங்க சார், அதுல ஏதாச்சும்..."

"ஒண்ணுமில்லை," என்றேன். "இன்னும் ரெண்டு போடுங்க."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காலித் தட்டைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, அடுத்த மேஜைக்காரருக்குச் சொல்லும் அதே குரலில், "வடை ரெண்டு!" என்று கத்தினார்.